நெல்லிமேட்டில் இறங்க வேண்டியவள்

நெல்லிமேடு ஸ்டேஷனில் இறங்க வேண்டிய பூங்காவனம் ஒரு ஆடி மாதத்துச் சாயங்காலம் இறங்க முடியாமல் போனாள், மறுநாளும் முடியவில்லை, அந்த வாரம் முழுக்க முடியவில்லை, ஆடி போய் ஆவணி வந்தது, ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது, அவள் மட்டும் அந்த மின்சார வண்டியில் முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில், சரியாக நடுவில், ஒரு கையால் மேலே தொங்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். அந்தப் பெட்டியில் போகிறவர்களைக் கேட்டால் அவளை நாங்கள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டோம் தெரியுமா என்றுதான் ஆரம்பிப்பார்கள். பார்த்துக்கொண்டார்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

டவுனில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைப்பதும் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் அவள் வேலை. எப்போதும் லேடீஸ் பெட்டியில் வருகிறவள், அன்றைக்கு ஓடி வரும்போதே வண்டி நகர்ந்துவிட்டது, எதிரில் வந்த பெட்டியில் தாவி ஏறிவிட்டாள். உள்ளே போங்கம்மா, உள்ளே போங்கம்மா என்று ஆளாளுக்குத் தள்ளி அவளை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நெல்லிமேடு வருவதற்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னாலேயே, "நெல்லிமேடு இறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். எல்லோரும் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார்கள்: "நாங்களும் இறங்கத்தான் போறோம், இரும்மா." யாரும் இறங்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

கடைசி ஸ்டேஷன் வந்ததும் ஜனங்கள் எல்லாம் இறங்கிப் போனார்கள், நெரிசல் மட்டும் இறங்கவில்லை. ஆள் இல்லாத பெட்டியில் அவளைச் சுற்றி முழங்கைகளும் டிபன் பைகளும் வேர்வை வாடையும் முதுகுகளின் சூடும் அப்படியே இறுகி நின்றன, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கையை நீட்டினால் இடிக்கும். பெட்டி கூட்ட வந்த பெண்கள் துடைப்பத்தை அவள் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், துடைப்பம் நுழையவில்லை, சரி என்று அவளைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனார்கள். காலையில் ஜனங்கள் திரும்ப ஏறி அந்த நெரிசலுக்குள் அவரவர் இடத்தில் பொருந்திக்கொண்டார்கள். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, மற்றதெல்லாம் எப்படி என்று கேட்பீர்கள். நெரிசலில் மாட்டினவர்களுக்கு எல்லாமே கொஞ்சமாகத்தான் தேவைப்படும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பெட்டிக்காரர்கள் நல்லவர்கள். முதல் வாரம் பாவம் பாவம் என்றார்கள், இரண்டாவது வாரம் இட்லி கொண்டுவந்தார்கள், மாதம் பிறந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்கு சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள், டிக்கெட் இல்லாமல் நிற்கிறாள் என்று நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதில்லையா. தையல் கடைக்காரர் துணி மூட்டையை ஜன்னல் வழியாகக் கொடுத்து அனுப்பினார், அவள் நின்றபடியே ஹூக் வைத்தாள். அதைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்காரர்கள் அவரவர் வீட்டு ஜாக்கெட்டையும் கொண்டுவந்து நீட்டினார்கள், வீட்டில் பெண்களும் பரவாயில்லையே, நல்லா தைக்கிறாளே, யாருங்க அது என்று கேட்டார்கள். ரயிலில் நிற்கிற ஒரு அம்மா என்று இவர்கள் சொன்னார்கள். அப்படியா என்று அவர்கள் அடுத்த சேலையை எடுத்துக் கொடுத்தார்கள்.

இங்கே அந்தப் பெட்டியின் சீட் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஜன்னல் பக்கம் எதிரெதிரே இருக்கும் இரண்டு பெஞ்சிலும் உட்காருகிறவர்கள் ஒரு செட். சீட்டு ஆடுவார்கள், மடியில் சூட்கேஸை வைத்துக்கொண்டு. ஒருத்தர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனால் தன் இடத்தை இன்னாருக்கு என்று சொல்லிவிட்டுப் போவார், புதியவருக்கு மாலை போட்டு, மைசூர்பாக் கொடுத்து, கைதட்டி உட்கார வைப்பார்கள். அதற்காக வருஷக்கணக்காக நின்றவர்கள் உண்டு. ஒரே ஒரு விதிதான்: தன் ஸ்டேஷனுக்கு முன்னால் எவர் எழுந்தாலும் இடம் போச்சு. மழை சாரல் அடித்தாலும், மாரடைப்பு என்று பக்கத்தில் ஒருத்தர் சாய்ந்தாலும், உட்கார்ந்தபடியேதான் விசிறுவார்கள்.

அந்த செட்டுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் வடுகநாதன், ஏதோ ஒரு ஆபீஸில் சூப்பிரண்டு, குரல் பெரிசு. கதவுக்குப் பக்கத்து ஓர இடம் எபனேசருடையது. எபனேசர் ஒரு பல் லேபில் பல்செட் செய்கிறவர், டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார், இவர் மெழுகில் பல்லை அடுக்கி, அக்ரிலிக்கில் ஈறு வார்த்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவார். முட்டி தேய்ந்து போகும் அளவுக்கு நின்று நின்று, அப்புறம்தான் அவருக்கு அந்த இடம் கிடைத்தது. மாலை போட்ட படம் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது.

பூங்காவனத்துக்கு ஒரே மகள், சுகந்தி. அப்பன் இல்லாத பெண். அம்மா வண்டியில் மாட்டியபோது அவளுக்கு நாலாம் மாதம். தினமும் காலையில் நெல்லிமேடு பிளாட்பாரத்தில் டிபன் டப்பாவோடு வந்து நிற்பாள், வண்டி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் பக்கம் ஓடிவந்து டப்பாவை எபனேசர் கையில் கொடுப்பாள், எபனேசர் அடுத்தவர் கையில் கொடுப்பார், கை மாறிக் கை மாறி அது பூங்காவனத்திடம் போகும், காலி டப்பா அதே வழியில் திரும்ப வரும். அம்மாவும் பெண்ணும் மற்றவர்களின் தலைகளுக்கு நடுவே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள். "மாத்திரை போட்டியா?" என்பாள் பூங்காவனம். "போட்டேம்மா, நீ எப்பம்மா வருவே?" என்பாள் சுகந்தி. அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். பிரசவத்துக்கு அம்மா கூட இருக்க வேண்டும், அதுதான் அந்தப் பெண் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. அம்மாவும் அதைத்தான் கேட்டாள், தினமும் ஒரு தரம், நெல்லிமேட்டுக்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னால், மரியாதையாக.

ஐப்பசியில் ஏழாம் மாதம் வந்தது. பெட்டிக்காரர்கள் வளைகாப்பு நடத்தினார்கள். ஆயுத பூஜைக்குக் கட்டின வாழைக்கன்று காயாமல் இருந்தது, அதையே திரும்பக் கட்டினார்கள், கலர் பேப்பர் ஒட்டினார்கள், வண்டி நிற்கிற நேரம் பத்தாது என்பதால் ஒரு நாளைக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொண்டார்கள். பூங்காவனம் வளையலைக் கண்ணில் ஒற்றிக் கொடுப்பாள், அது கை மாறி வந்து ஜன்னல் கம்பி வழியாக சுகந்தியின் கையில் ஏறும், எபனேசரே போட்டுவிடுவார், வடுகநாதன் கணீரென்று வாழ்த்துச் சொல்வார். கடைசி ஜோடி அன்றைக்கு எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் பெட்டி முழுக்கப் போயிற்று. சுகந்தி அழுதாள். பெட்டிக்காரர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், இந்தக் காலத்தில் யார் சார் இவ்வளவு செய்வார்கள் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். அதை எல்லாம் உட்கார்ந்தபடியே செய்தார்கள், உட்கார்ந்தபடியே அழுதார்கள்.

அன்றைக்கு ராத்திரி எபனேசருக்கு மனசு கேட்கவில்லை. இந்த அம்மா இறங்குவதற்கு ஏதாவது ஒரு வழி இருந்துதானே ஆக வேண்டும், யார் எங்கே நகர்ந்தால் யாருக்கு இடம் கிடைக்கும் என்று கணக்காகப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நினைத்தார். லேபில் வேலை முடிந்த நேரங்களில் ஒரு மரப்பெட்டி செய்தார், இரண்டு கையாலும் பிடிக்கிற அளவு, பக்கத்தில் ரயில் கதவு மாதிரி ஒரு திறப்பு. உள்ளே பல்செட் அக்ரிலிக்கில் மூன்றாவது பெட்டி ஜனங்களை அப்படியே வார்த்தார். எல்லோரும் ஈறு நிறம். முதுகில் பை மாட்டின காலேஜ் பையன்கள், தொப்பைக்காரர், குடையோடு நிற்கிற வாத்தியார், ஒவ்வொருத்தரையும் பார்த்த உடனே அடையாளம் தெரியும். அடியில் பள்ளமாகக் காடி வெட்டியிருந்தார், அதன் வழியே ஆட்களை நகர்த்தலாம், தூக்க முடியாது. நடுவில் பூங்காவனம், அவளை மட்டும் பல் வெள்ளையில் செய்திருந்தார். வெள்ளையைக் கதவு வழியாக வெளியே கொண்டுவர வேண்டும், அதுதான் புதிர்.

புதிர்ப் பெட்டியைக் கொண்டுவந்த அன்றே சீட்டுக்கட்டு சூட்கேஸுக்குள் போய்விட்டது. என்ன கைவேலை சார் என்று வடுகநாதன் வாய் பிளந்தார், தன் மூக்கைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பொம்மை ஆட்கள் நகரத்தான் செய்தார்கள், அரை ஆள் இந்தப் பக்கம், அரை ஆள் அந்தப் பக்கம், வெள்ளை கதவுப் பக்கம் கொஞ்சம் வரும், தொப்பைக்காரரிடம் வந்து முட்டிக்கொள்ளும். கார்த்திகை முழுக்க அதுதான் பேச்சு. தொப்பையை முதலில் திருப்பணும் என்றார் ஒருத்தர், அதெப்படி, குடையை மடக்காமல் தொப்பை திரும்பாது என்றார் இன்னொருத்தர், இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். பக்கத்துப் பெட்டிகளிலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள். கணக்கு சொல்லிக்கொடுக்கிற ஒருவர் காகிதம் காகிதமாகப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த நெரிசலுக்கு விடை கிடையாது என்று சொன்னார், அதைக் கேட்டதும் பெட்டியில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்தது. நம்மால் ஆனதைச் செய்தாயிற்று, விடையே இல்லாததற்கு நாம் என்ன செய்ய முடியும்?

பூங்காவனம் நின்றுகொண்டே இருந்தாள். புதிர்ப் பெட்டி எல்லோர் கைக்கும் போயிற்று, அவள் கைக்குப் போகவில்லை, அது யாருக்கும் தோன்றவும் இல்லை. மார்கழி பிறந்ததும் ஒரு நாள் அவளே கேட்டாள்.

"சார், எனக்கும் ஒரு தரம் குடுங்க. நானும் பாக்குறேன்."

கை மாறிக் கை மாறிப் போயிற்று. அன்றைக்கு ஹூக் வேலையை ஓரமாக வைத்துவிட்டு அதையே நகர்த்திக்கொண்டிருந்தாள். தன் வெள்ளை உருவத்தைப் பார்த்துச் சிரித்தாள், இவ்வளவு ஒல்லியா நான் இல்லியே என்றாள். சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த உருவங்களை நகத்தால் தள்ளிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் நல்லாதான் இருக்கு சார். இவங்க மட்டும் ஏன் சார் நகர மாட்டேங்குறாங்க?"

எபனேசர் எட்டிப் பார்த்தார். "அது சீட்டும்மா. சீட் நகராது."

"ஓ, சீட்டா," என்றாள் பூங்காவனம். "நான் ஆளுங்கன்னு நெனச்சேன்." குத்திக் காட்டவெல்லாம் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். பெட்டியைக் கொடுத்துவிட்டு ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டாள்.

எபனேசருக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் லேபில் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்தார். உட்கார்ந்திருப்பவர்களை அவர் தனித்தனி ஆளாகச் செய்யவே இல்லை. பெஞ்சோடு சேர்த்து ஒரே வார்ப்பு, ஒரு தாடைக்கு ஒரு செட் என்பது போல, வடுகநாதனிலிருந்து தன் உருவம் வரைக்கும் ஒட்டியபடி. நிற்கிறவர்களுக்கெல்லாம் காடி வெட்டியவர் இவர்களுக்கு வெட்டவில்லை, வெட்டலாம் என்ற எண்ணமே வரவில்லை, பெட்டியைப் பார்த்த அத்தனை பேரில் ஒருத்தருக்கும் அது குறையாகத் தெரியவும் இல்லை. பல் அறுக்கிற சின்ன வட்ட ரம்பத்தை எடுத்துத் தன் உருவத்தை பெஞ்சிலிருந்து அறுத்தார். அடியில் காடி வெட்டினார். எழுப்பிக் கதவு வழியாக வெளியே தள்ளினார். அந்த ஓர் இடத்துக்குள் தொப்பைக்காரர் ஒதுங்கினார், வாத்தியார் திரும்பினார், வெள்ளை நேராக வந்து வெளியே விழுந்தது. அவ்வளவுதான், குழந்தை கூடப் போட்டுவிடும்.

அவர் செய்த அடுத்த காரியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அக்ரிலிக் பவுடரைக் குழைத்துத் தன் உருவத்தைப் பழையபடி பெஞ்சில் ஒட்டினார். ஒட்டினது தெரியாமல் இழைத்து, பாலிஷ் போட்டு, துணியால் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டார். ஈறும் பல்லும் சேர்கிற கோடு தெரியாமல் செய்வதில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது.

சுகந்தியின் ஒன்பதாம் மாதம் முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. நாளைக்கு எழுந்துவிடலாம் என்று தினமும் நினைப்பார். நெல்லிமேடு வரும்போது முட்டி வலிக்கும், அல்லது வலிக்கிற மாதிரி இருக்கும். இத்தனை வருஷம் நின்று வாங்கின இடம், இனி நின்றால் ரிட்டயர் ஆகும் வரைக்கும் நிற்க வேண்டும். நான்தான் எழ வேண்டுமா, வடுகநாதன் எழுந்தால் ஆகாதா, இத்தனை பேர் இருக்கிறார்களே என்று மனசுக்குள் வாதாடுவார். ஜன்னலுக்கு வெளியே சுகந்தி இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஓட முடியாமல் மெல்ல நடந்து வந்து, "அண்ணே, இதை அம்மாகிட்ட குடுத்துடுங்க" என்று டப்பாவை நீட்டுவாள். அவர் வாங்கிக் கொடுப்பார். அவள் முகத்தைப் பார்க்க மாட்டார், வெட்கம் பிடுங்கித் தின்னும். சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள் ஒரு நாள், உங்களுக்கும்தாண்ணே என்று தனியாக ஒரு கிண்ணம். அதையும் அவர் அடுத்தவர் கைக்குத் தள்ளிவிட்டார்.

தை மாதத்தில் ஒரு காலை, பிளாட்பாரத்தில் சுகந்தி இல்லை. அவள் புருஷன் தாமு ஜன்னலுக்கு ஜன்னல் எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அத்தே, அவளுக்கு வலி எடுத்துடுச்சு. விடியக்காலைல ஆஸ்பத்திரியில சேத்துட்டேன். உன்னைத்தான் கேக்குறா. அம்மா வந்தாத்தான்னு அழுவுறா அத்தே."

பூங்காவனம் அது வரைக்கும் குரலை உயர்த்தியவளில்லை. "ஐயா, கொஞ்சம் வழி குடுங்கய்யா, எம் பொண்ணுக்கு யாருமில்ல, கொஞ்சம் வழி குடுங்க" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பாவம் பாவம் என்றார்கள் எல்லோரும். புதிர்ப் பெட்டியை எடுங்க சார், இன்னொரு தரம் பார்ப்போம் என்றார் வடுகநாதன். எபனேசர் பாதி எழுந்தார், உண்மையாகவே எழுந்தார், பெஞ்சுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. நின்றுகொண்டிருந்த ஒருத்தர் சட்டென்று அந்த ஒரு சாணைப் பார்த்தார். எபனேசர் உட்கார்ந்துவிட்டார். வண்டி நகர்ந்துவிட்டது, தாமு பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடி வந்தான்.

அன்றைக்குப் பகல் முழுக்க லேபில் அவர் வைத்த பல் ஒன்றும் நேராக நிற்கவில்லை. சாயங்கால வண்டியில் சீட்டும் ஆடவில்லை, புதிரும் யாரும் எடுக்கவில்லை. பூங்காவனம் வழி கேட்கவும் இல்லை, பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். நெல்லிமேடு வந்தது. எபனேசர் எழுந்தார்.

"எபனேசர் சார், உங்க ஸ்டேஷன் இன்னும் வரலையே," என்றார் வடுகநாதன்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு எபனேசர் கதவு வழியாக பிளாட்பாரத்தில் இறங்கினார். அந்த ஓர் இடத்துக்குள் தொப்பைக்காரர் ஒதுங்கினார், வாத்தியார் குடையோடு திரும்பினார், ஆடியிலிருந்து இறுகிக் கிடந்த நெரிசல் ஒரு பெருமூச்சு மாதிரி விட்டுக்கொடுத்தது, பூங்காவனம் நடந்து வந்து இறங்கினாள். கால் அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆளே இல்லாத பிளாட்பாரத்தில் தோளை ஒடுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பித் திரும்பி, கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி என்று சொல்லியபடி நடந்தாள். சேதி சொல்ல அந்தக் கோடியில் காத்திருந்த தாமு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"மத்தியானமே பொறந்துடுச்சு அத்தே. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அப்புறம் அவன் அழுதுவிட்டான். "கடைசி வரைக்கும் உன்னைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. யாரோ ஒரு நர்சம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுதான் பெத்தா."

எபனேசருக்குக் காலையில் எழுந்த அந்த ஒரு சாண் ஞாபகம் வந்தது. மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயெடுத்தார், விடை மார்கழியிலேயே தெரியும் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார், நினைத்ததோடு சரி. அவள்தான் அவரைத் திரும்பிப் பார்த்தாள், பதறிப்போனாள்.

"ஐயோ, எனக்காகவா சார் எறங்கினீங்க? ஏறிக்குங்க சார், வண்டி கெளம்பப் போவுது. உங்க எடம் போயிடும்."

வண்டி ஊதியது. அவர் ஏறினார். அவர் இடத்தில் யாரும் உட்காரவில்லை. விதியை அன்றைக்கு மட்டும் தளர்த்தி வடுகநாதன் தன் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தார், நிற்கிறவர்கள் கூட அதைத் தாண்டி உட்காராமல் காத்திருந்தார்கள். வாங்க சார், உட்காருங்க, நம்ம செட்டுக்கே பேர் வாங்கிக் கொடுத்துட்டீங்க என்று கைக்குட்டையை எடுத்துவிட்டு பெஞ்சைத் தட்டிக் காட்டினார். எபனேசருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார்.